பால்மர விறகுக்கு எந்தச் செயின்சா வாங்கலாம்?

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மறுநடவுக்காகச் சாய்க்கிற சிறுதோட்டங்களில், ஆலைக்குப் போகாத பால்மர (ரப்பர் மர) கிளைகளையும் அடித்துண்டுகளையும் பேசி எடுத்து, கோயில் அன்னதானம், தீமிதி, கல்யாணச் சமையல் இவற்றுக்கு விறகு போடப் போகிறாராம். வாரத்தில் ஐந்து நாளாவது அறுக்க வேண்டியிருக்கும். கையில் மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஒரு கடையில் ஸ்டில் கம்பெனியின் 070 என்கிற பெரிய செயின்சாவை வாங்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் அதே உருவத்தில் ஒன்று ஐந்நூறு வெள்ளிக்கும் கீழே கிடைக்கிறது. வீட்டில் மாமா, "விறகுதானே, சின்னதே போதும்" என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

மூன்றையும் விட்டுவிடுங்கள், தம்பி. 50-லிருந்து 60 சிசிக்குள், தொழிலுக்கென்றே செய்த ஒரு செயின்சா. அதில் 16 அல்லது 18 அங்குலப் பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு. மீதிப் பணத்தில் செயின், அரம், கால்கவசம். அவ்வளவுதான் என் பதில். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. சிறு எஞ்சின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. புல்வெட்டி, மருந்துப் பம்பு, செயின்சா எல்லாம் என் மேசைக்கு வரும். எந்த மெஷின் எதனால் படுத்தது என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். மெஷினைப் பிறகு பார்க்கலாம். பால்மரத்தைப் பாலுக்காகச் சீவி, நட்டு 25, 30 வருடம் ஆனதும் சாய்க்கிறார்கள். அந்த வயதில் ஒட்டுமரத்தின் அடி பெரும்பாலும் 25-லிருந்து 40 செ.மீ. குறுக்களவுதான் இருக்கும். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறதே, 1877-இல் வந்த முதல் கன்றுகளில் மிஞ்சியது என்று சொல்லப்படும் மரம், அதைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். அது வேறு காலத்து விதைமரம். உங்கள் தோட்டத்திலோ நேரான அடிமரத்தை ஆலைக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். மேசை நாற்காலிக்கு அது வேண்டும். உங்கள் பங்குக்கு வருவது கவட்டையும் கிளையும் கோணல் துண்டும். அதில் பாதிக்கு மேல் தொடைப் பருமன்கூட இருக்காது. 18 அங்குலப் பார் என்பது 45 செ.மீ. ஒரு பக்கமிருந்தே முழுதும் அறுபட்டுவிடும். எப்போதாவது பெரிய அடிமரம் மாட்டினால் சுற்றி வந்து மறுபக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் 70 செ.மீ. மரமும் முடியும். பால்மரம் நடுத்தர மரம், காய்ந்தால் கன மீட்டருக்கு 560-லிருந்து 650 கிலோ வரை. கோல செப்பெத்தாங் சூளைகளில் கரியாக்குகிற பாக்காவ் என்கிற சதுப்புநில மரம்போல இறுகியதல்ல. இதற்கு ராட்சச எஞ்சின் எதற்கு?

070-க்கு நம் ஊரில் இருக்கிற பெயர் சும்மா வந்ததல்ல. 106 சிசி. 1960களில் உருவான வடிவம். வேகம் குறைவு, இழுவை அதிகம். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள காட்டுமரத்தைச் சாய்க்கவும், விழுந்த இடத்திலேயே பலகையாகக் கிழிக்கவும் அதை நம்பித்தான் பல பேர் பிழைத்தார்கள். எனக்கும் அந்த மெஷின்மேல் மரியாதை உண்டு. ஆனால் எடை? பாரும் செயினும் மாட்டாமலேயே 10 கிலோவுக்கு மேல். எண்ணெயும் பெட்ரோலும் நீளப் பாரும் சேர்ந்தால் கையில் இருப்பது ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைவிடக் கனம். பலகை கிழிக்கிறவர் மரத்தின்மேல் வைத்துவிட்டால் அறுப்பு முடியும்வரை மெஷினின் பாரத்தை மரமே தாங்கும். விறகுக்காரர் கதை வேறு. மூன்று மீட்டர்க் கிளையை 40 செ.மீ. துண்டாகப் போட்டால் ஏழு அறுப்பு. ஏழு முறை தூக்கி, ஏழு முறை வைக்க வேண்டும். ஒவ்வோர் அறுப்பும் சில விநாடிதான். நேரமெல்லாம் தூக்குவதிலும் நகர்வதிலும் போகிறது. அன்றைய சம்பாத்தியத்தை முடிவு செய்வது மாலை நாலு மணிக்கு உங்கள் தோளும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்பதுதான். போதாததற்கு, பழைய 070-களில் செயின் பிரேக்கே கிடையாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாமா சொல்கிற சின்ன ரகத்துக்கு வருவோம். 30 சிசி அளவு, ஒன்றரை கிலோவாட் சக்தி. வீட்டு ரம்புத்தான் மரத்தைக் கவாத்து செய்ய, புயலில் விழுந்த கிளையை அப்புறப்படுத்த அருமையான சாமான். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை எடுத்தால் பல வருடம் வரும். அதையே தினமும் ஐந்து மணி நேரம் 25 செ.மீ. மரத்தில் வைத்து அமுக்கினால்? எஞ்சின் முழு மூச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், சூடு இறங்க நேரமிருக்காது. கடைசியில் பிஸ்டனில் கோடு விழுந்து என் மேசைக்கு வரும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

சரி, 'தொழில்முறை' என்று எதைச் சொல்கிறார்கள்? சிசியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டில் கம்பெனியின் இரண்டு மெஷின்களையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்எஸ் 250 என்பது 45 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. தோட்டம் துரவு வைத்திருப்பவர்களுக்கானது. எம்எஸ் 261 என்பது 50 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. எடையில் 300 கிராம்தான் கூடுதல்; சக்தி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். காசு அங்கேதான் போகிறது. தொழில்முறை மெஷினில் எஞ்சினின் அடிக்கூடு மெக்னீசிய வார்ப்பு. மலிவு ரகங்களில் எஞ்சின் பிளாஸ்டிக் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெரியது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வைத் தடுத்திருப்பார்கள். செயினுக்குப் போகும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதைவிட முக்கியம், பழுது என்றால் கழற்றிப் பூட்ட முடியும். சிலிண்டரை மட்டும் மாற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

இந்த அளவில் ஸ்டில் எம்எஸ் 261, எம்எஸ் 361 அல்லது 362, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி எல்லாம் நல்லவைதான். 361-உம் 362-உம் 59 சிசி. எடை ஐந்தரை கிலோவைத் தாண்டும். அடித்துண்டு அதிகம் வருமென்றால் அந்தப் பக்கம் போகலாம், கிளைதான் அதிகம் என்றால் 50 சிசியே நல்லது. ஆரஞ்சு நல்லதா, மற்ற ஆரஞ்சு நல்லதா என்று காப்பிக் கடையில் சண்டை போடுகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. உங்களுக்கு அருகில் எந்தக் கம்பெனியின் முகவர் கடை இருக்கிறது, அவரிடம் பழுது பார்க்க ஆள் இருக்கிறதா, செயினும் கிளட்ச் ஸ்புராக்கெட்டும் (செயினைச் சுழற்றுகிற பல்சக்கரம்) அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஆர்டர் போட்டு வரவழைக்கலாம்' என்கிற கடையில் வாங்கினால், தீமிதிக்கு விறகு கேட்ட கோயில்காரர் காத்திருக்க மாட்டார். ஈப்போவரை போய் வரத் தயார் என்றால் தேர்வு இன்னும் விரியும்.

இன்னொன்று. புது மாடல்களில் கார்ப்பரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகத்தை, மின்னணுவே சரிசெய்துகொள்ளும் வசதி வருகிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோளாறு வந்தால் முகவரின் கணினியில் செருகிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். திருகாணி வைத்த பழைய பாணிக் கார்ப்பரேட்டரை ஊரிலுள்ள எந்த மெக்கானிக்கும் திருப்புளியால் சரிசெய்வார். இரண்டும் கிடைக்கிறது என்றால் நான் திருகாணி வைத்ததையே வாங்கச் சொல்வேன். பேட்டரி மெஷின்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டத்துக்கு நடுவில் சார்ஜ் போட பிளக் எங்கே இருக்கிறது?

ஐந்நூறு வெள்ளிச் சரக்கு 070-இன் நகல். உருவமும் நிறமும் ஒன்றாக இருக்கும், சில பாகங்கள் அசலிலும் பொருந்தும். அதிலேயே ஒன்று நன்றாக ஓடும், அடுத்தது ஒரு வாரத்தில் கிளட்ச் உடைந்து நிற்கும். எது உங்கள் கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். எண்ணெய்ப் பம்பு சரியாக இழுக்காது, வார்ப்பில் துளை இருக்கும், பேரிங் சீக்கிரம் ஆடும். அசல்கூட உங்கள் வேலைக்குப் பொருந்தாது என்று மேலே சொல்லிவிட்டேன், நகலைப் பற்றி இன்னும் பேசுவது நேர விரயம்.

இனி நான் அதிகம் பேச விரும்புவது செயினைப் பற்றி. மெஷினுக்கு மூவாயிரம் கொடுக்கிறவர் செயினுக்கு அறுபது வெள்ளி கொடுக்க யோசிப்பதைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். மரத்தை அறுப்பது எஞ்சின் இல்லை, அந்தப் பல்தான்.

செயின் பல்லில் இரண்டு சாதி. ஃபுல்-சிசல் என்பது மூலை கூர்மையாகச் சதுரமாக இருக்கும்; சுத்தமான மரத்தில் பறக்கும், மண் பட்டால் உடனே செத்துவிடும். செமி-சிசல் என்பது மூலை சற்று உருண்டது. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் அழுக்கு மரத்திலும் காய்ந்த மரத்திலும் கூர் நிற்கும். விறகு என்றாலே தரையில் இழுத்துப் போட்ட மரம். மழையில் செம்மண் தெறித்துப் பட்டையில் காய்ந்திருக்கும், அடியில் கறையான் புற்று ஏறியிருக்கும். யோசிக்கவே வேண்டாம், செமி-சிசல்தான். வாங்கும்போது பாரில் அடித்திருக்கிற எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), தடிமன், கண்ணி எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் மாட்டாது, மாட்டினாலும் ஸ்புராக்கெட்டைத் தின்றுவிடும்.

பால்மரத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்) மாட்டிய கம்பி, பீலி (பால் வழிகிற தகடு), இவற்றைக் கழற்றாமலே விட்ட மரங்கள் உண்டு. மரம் பருக்கப் பருக்கப் பட்டை அதை மூடிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. சீவுகிற உயரத்தில், அதாவது முழங்காலிலிருந்து நெஞ்சுவரை உள்ள பகுதியில், பட்டையில் புடைப்போ கரும்புள்ளியோ தெரிந்தால் பாராங்கத்தியால் இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு அறுங்கள். கம்பியில் ஒரு தரம் பட்டால் ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாம் போய்விடும். அப்புறம் செயின் நேராக அறுக்காது, வளைந்து வளைந்து போகும். பழைய மரவேலியின் ஆணி, முள்கம்பி எல்லாமும் இதே கணக்குத்தான். சிலர் அடித்துண்டுக்கென்றே ஒரு பழைய செயினைத் தனியாக வைத்திருக்கிறார்கள், நல்ல பழக்கம்.

பச்சை மரத்தில் பால் வடிந்து செயினிலும் ஸ்புராக்கெட் மூடிக்குள்ளும் மரத்தூளோடு சேர்ந்து பிசினாக இறுகும். அதை அப்படியே விட்டால் எண்ணெய் வருகிற துளை அடைபடும், செயின் காய்ந்து ஓடும், பார் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். மாலையில் மூடியைக் கழற்றி, பாரின் காடியை ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டிவிட்டு, செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

செம்பனை மரம் வெட்டித்தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் கூலி பேசும்போது ஒரு செயினின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள். அதன் தண்டில் சிலிக்கா இருக்கிறது, நாரும் ஈரமும் வேறு. பல்லை மழுக்கிவிடும், விறகுக்கும் உதவாது.

தீட்டுவதற்கு வருவோம். பல் மழுங்கியதை அறிய எளிய வழி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது; மழுங்கிய விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு மின்னும். இன்னொரு அடையாளம், வெளியே விழுவது. கூர் இருந்தால் தவிடுபோலச் சீவல் சீவலாக விழும், மழுங்கிவிட்டால் மாவாகத் தூசி பறக்கும். தூசி பறக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அமுக்கி அமுக்கி அறுத்தால் கையும் நோகும், எஞ்சினும் சூடாகும், கிளட்ச் தேயும். 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 பிட்சுக்கு 5.2 அல்லது 5.5, செயின் தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அது. 30 டிகிரிச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளித் தீட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். இடப்பக்கப் பல் ஒரு நீளம், வலப்பக்கம் ஒரு நீளம் என்று ஆகிவிட்டால் அறுப்பு ஒரு பக்கம் இழுக்கும். பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். பல்லைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல முறை தீட்டியபின் அதையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். "தீட்டினேன், ஆனாலும் கடிக்க மாட்டேங்குது" என்று கொண்டுவருகிற செயின்களில் பாதி இந்த மேட்டைத் தொடாதவைதான். மறுபக்கம், வேகம் வேண்டுமென்று அதைக் கண்டபடி இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்தச் செயின் மரத்தில் குத்தி உதைக்கும்.

பெட்ரோலும் எண்ணெயும் சேர்க்கிற விஷயத்தில் கணக்காக இருங்கள். கம்பெனியின் சொந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 50-க்கு 1, அதாவது ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. கையேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதுதான் சட்டம். கண்ணளவில் ஊற்றுவது, மோட்டார்சைக்கிளின் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயைக் கலப்பது, இரண்டும் பிஸ்டனைக் கொல்கிற வேலை. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாருக்குப் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. இரும்புத்தூள் கலந்த எண்ணெய் பம்பை அரிக்கும். ஒட்டும் தன்மை இல்லாததால் பாரின் முனைக்குப் போகுமுன்பே சிதறிவிடும். அதோடு, நீங்கள் போடப்போவது பொங்கல் பானைக்கும் அன்னதான அண்டாவுக்கும் கீழே எரிகிற விறகு. அறுத்த முகமெல்லாம் கருப்பு எண்ணெய் பூசிய விறகைக் கோயிலுக்கு எப்படிக் கொண்டுபோய் இறக்குவீர்கள்? செயினுக்கென்று விற்கிற எண்ணெயையே வாங்குங்கள்.

இப்போது செயின் பிரேக். ஓடுகிற செயினோடு பாரின் முனையின் மேல்பாதி எதையாவது தொட்டால், மெஷின் ஒரு விநாடிகூட ஆகாமல் முகத்தை நோக்கி எகிறும். விறகு அறுக்கும்போது இது அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்று, ஏனென்றால் குவியலில் நீங்கள் அறுக்கிற கிளைக்குப் பின்னால் இன்னொரு கிளை மறைந்திருக்கும். முன்கைக் கவசம் தள்ளப்பட்டதும் செயினை நிறுத்துவதுதான் பிரேக்கின் வேலை. அது இல்லாத மெஷினைக் குவியலுக்குள் கொண்டுபோகக் கூடாது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. இடக்கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். கிளைகளைத் தரையிலேயே வைத்து அறுக்காமல் மரத்தாங்கி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். இடுப்பும் பிழைக்கும், பல்லும் மண்ணில் படாது.

கால்கவசத்தை நான் சும்மா சொல்லவில்லை. அதற்குள் இருக்கிற நார் செயினில் சுற்றிக்கொண்டு ஸ்புராக்கெட்டை நிறுத்திவிடும். நம் வெயிலில் வேகும், உண்மைதான். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடித்துவிட்டு, மறுபடி நாலு மணிக்கு மேல் தொடங்குங்கள். சிலிப்பர் போட்டுக்கொண்டு அறுப்பவர்களைத் தோட்டத்தில் தினமும் பார்க்கலாம். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுமூடி கட்டாயம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? கவசம், காதுமூடி, பூட்ஸ் இவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். பிறகு மூன்று செயின், அரம், பல்லுக்கு முன்னாலிருக்கிற மேட்டை அளக்க ஓர் அளவுப்பட்டி. மீதியில் மெஷின். புதிது எட்டவில்லை என்றால், 30 சிசிக்கு இறங்குவதைவிட நல்ல தொழில்முறை மெஷினைப் பழையதாக வாங்குவது மேல். வாங்குமுன் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் நீளவாக்கில் கீறல் இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

மரத்தை லோரியில் ஏற்றுவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், நிலச் சொந்தக்காரரிடமும் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் தோட்டத்து மரம் ஒன்று, அரசு நிலத்து மரம் வேறு.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டு பால்மரத்தையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்துப் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னாலேயே இழுத்துக் கிளப்பச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது செயின் நகரக் கூடாது. பாரின் முனையை அட்டைக்கு நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எண்ணெய் ஒரு கோடாகத் தெறிக்க வேண்டும். பிரேக்கைத் தள்ளினால் அந்தக் கணமே நிற்க வேண்டும். அப்புறம் கொண்டுபோன துண்டை நீங்களே அறுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடைக்காரர் நாளைக்குப் பழுதென்று போனால் என்ன செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.